அத்தையின் சைலன்சரும் அய்யாவின் சாரமும்

அய்யாவின் கடைசித் தங்கையான எங்கள் அத்தை, இன்ஜினியரிங் முடித்த கையோடு விமானத்துக்குச் சைலன்சர் செய்யப்போவதாக அறிவித்தபோது எனக்கு ஒன்பது வயது. கடலோர ஊரான மண்டபத்தில் அய்யா படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அதில் ஒரு மூலையை அத்தை பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தகடு வெட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை கொடுத்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தில் தாழப் பறந்து கடல்பசுக்களை எண்ணுபவர். அவர் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் போடும் கூச்சலில் அவை முங்கிவிடும். அத்தை ஒரு படகுக்குச் செய்திருந்த சைலன்சரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தேடி வந்தார். சத்தம் குறைய வேண்டும், எடை கூடக் கூடாது, எஞ்சினின் வலுவும் குறையக் கூடாது என்றார்.

அத்தை நோட்டு நோட்டாகக் கணக்குப் போட்டாள். தகட்டை உருளையாக வளைத்து, உள்ளே துளை போட்ட குழாயை வைத்து, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தாள். கை அரிக்கும் என்று என்னைத் தொட விடவில்லை.

"பஞ்சு சத்தத்தக் குடிச்சிரும்த்தா. நடுவுல புகை போற வழிய மட்டும் அடைக்கக் கூடாது. அடைச்சா எஞ்சின் மூச்சு முட்டி நின்னுரும்."

முதல் வாக்கியம்தான் என் மனதில் தங்கியது.

உப்பூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் சோதனை நடந்தது. சத்தம் குறைந்தது, ஆனால் போதவில்லை. "நாளைக்கு இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார் விமானக்காரர். என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கே தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் அத்தை வேன் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் காலை அதே பொட்டலில் பெரியவர்கள் வேனுக்கு அந்தப் பக்கம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை துடைப்பதற்காக வேனில் அய்யா கட்டிப் பழசான சாரம், அதாவது கைலி, ஒன்று கிடந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, விமானத்தில் மாட்டியிருந்த சைலன்சரின் வாய்க்குள் விரல் எட்டும் மட்டும் தள்ளினேன். பஞ்சு குடிக்குமென்றால் துணி குடிக்காதா?

குடித்தது. எஞ்சின் முனகலோடு கிளம்பியதும் விமானக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் பெருமையில் பூரித்து நின்றேன். அப்போதுதான் அத்தை பின்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டினாள்.

"அத்த எதுக்குய்யா ஏறுது?" என்று அய்யாவிடம் கேட்டேன்.

"மேல போறப்ப சைலன்சர் ஆடுதான்னு பாக்கணும்ல."

அவள் அன்று சொன்ன கடைசி வாக்கியம் அப்போது நினைவுக்கு வந்தது. மூச்சு முட்டி நின்னுரும். நான் கத்திக்கொண்டு விமானத்துக்கு முன்னால் ஓடினேன். அய்யா பாய்ந்து வந்து இடுப்போடு தூக்கிக்கொண்டார். "ஏலே, நிறுத்துங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு எந்தச் சைலன்சரும் போதாது.

விமானக்காரர் எஞ்சினை நிறுத்தினார். அத்தை இறங்கி வந்து குனிந்தாள். அழுகைக்கு நடுவே அவள் காதில் சொன்னேன். "சாரத்த உள்ள வச்சுட்டேன் அத்த."

அவள் இடுக்கியை எடுத்துப் போய், கருகிப் புகைந்துகொண்டிருந்த துணியை இழுத்து வெளியே போட்டாள். அய்யா அதைச் செருப்புக் காலால் மண்ணில் தேய்த்து அணைத்தார்.

"என்னங்க இது?" என்றார் விமானக்காரர்.

"தொடைக்கிறப்ப நாந்தான் சார் உள்ள மறந்து விட்டுட்டேன்" என்றாள் அத்தை.

அவர் அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, அத்தை மாட்டியிருந்த ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கிப் பார்த்தார். அவள் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதன்பின் விமானம் அத்தையையும் ஏற்றிக்கொண்டு பழைய இரைச்சலோடு கிளம்பி, கடற்கரை வரை போய்ச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. அத்தை தலை கலைந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். "சைலன்சருக்குள்ள இன்னொரு அறை வைக்கணும்ண்ணே. எங்கன சத்தம் வருதுன்னு பிடிபட்டுருச்சு" என்றாள். விமானக்காரர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அடுத்த சைலன்சர் அவருக்குப் பிடித்துப்போனது. இப்போது அத்தையிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

அன்று வீடு திரும்பும்போது அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன். அத்தை உயிரோடு இருந்தாள், எனக்கு அடியும் விழவில்லை. உலகத்தில் வேறு குறை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் எவ்வளவு கவனமானவர், ஒரு போல்ட்டைக்கூட விடாமல் பார்க்கிறாரே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.