புள்ளி இல்லாத ஜாயிண்ட்

அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய் டீச்சர் என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். வயசு நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷம் புருஷனோடு சேர்ந்து கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக் குழாய் போட்டவள். அவன் அளவெடுப்பான், இவள் அறுப்பாள். இவள் ஒட்டுவாள், அவன் குறை சொல்வான். சின்ன வயசிலிருந்தே டீச்சராக வேண்டும் என்று இவளுக்கு ஆசை. பிளம்பிங் வகுப்புக்கு ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்தாள், எழுதிப் போட்டாள், ஒரு வருஷத் தற்காலிக வேலை கிடைத்துவிட்டது.

முதல் நாள் இருபது பேர் வந்தார்கள். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. தன்னுடைய பள்ளிக்கூட டீச்சர்கள் செய்த மாதிரியே கரும்பலகை நிறைய எழுதினாள், படம் போட்டாள், நீரின் அழுத்தத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டுக் குழாய், அதை வளைத்துச் சேர்க்க ஒரு எல்போ. ஒட்டிக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்து மார்க் போடுவாள். சாயங்காலம் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போகும். யாராவது கோணலாக அறுத்துவிட்டால் தானே வாங்கி, இரண்டே இழுப்பில் நேராக அறுத்து, "பார்த்தீங்களா, இவ்வளவுதான்!" என்பாள். பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கழன்று கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் ஒன்பது பேர் அவுட். அவள் சும்மா இருப்பாளா? வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம். இன்னொருத்தருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். வேலை கிடைத்த அந்தப் பெரிய மனுஷர் பட்டப்பகலில் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல!

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "வருஷக் கடைசியில பன்னிரண்டு பேராவது பரீட்சை எழுதணும் டீச்சர். இல்லைன்னா பிளம்பிங்கை மூடிட்டு அந்த ரூம்ல கம்ப்யூட்டர் போடச் சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

இருப்பதோ பதினொன்று. அதிலும் ஒருத்தன் வந்து உட்கார்ந்ததும் தூங்குகிறவன். முப்பது வயசு, ஒரு பெண்குழந்தைக்கு அப்பா, விடியற்காலையில் கடை கடையாகப் பால் இறக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். கொட்டாவி என்றே பேராகிவிட்டது. பிரின்சிபால் அறையிலிருந்து வந்த சூட்டோடு டீச்சர் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, இங்க வந்து தூங்குறதுக்கு வீட்லயே தூங்கலாம்ல?"

அவன் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், நான் ஒட்டுற குழாயைச் சாயங்காலம் குப்பையில போட்டுடறீங்க. அதுல ஒரு சொட்டுத் தண்ணிகூட ஓடப் போறதில்ல. அப்புறம் எதுக்கு முழிச்சிருக்கணும்?" என்றான்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அப்படியே புருஷனிடம் கொட்டினாள். "எவ்வளவு திமிர் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அவன் வாயில் வைத்த சோற்றை விழுங்கிவிட்டு, "அவன் கேட்டதுல என்ன தப்பு?" என்றான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காரணம், அவளுக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரம் புருஷனும் பொஞ்சாதியுமாக ஒரு பழைய டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் உயரமான சட்டத்தின் மேல் ஏற்றினார்கள். தண்ணீர் நிரப்பினாள். "இனிமே மார்க்கை நான் போடல, தண்ணி போடட்டும்" என்றாள். ஒட்டின குழாயை டிரம்மில் மாட்டிவிட்டு ஒட்டியவரே தன் ஜாயிண்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டும், மற்றவர்கள் வால்வைத் திறப்பார்கள். அடேயப்பா, முதல் நாளே ஆறு பேர் தொப்பலாக நனைந்தார்கள்! சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வெல்டிங் வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது. ஏன் ஒழுகியது என்று டீச்சர் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டும் என்று வாய் துடிக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர்களே அறுத்துப் பார்ப்பார்கள், பசை எங்கே எட்டவில்லை என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். கொட்டாவி தூங்கவில்லை. மூன்றாவது நாள், "ஒரு எல்போவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா டீச்சர், பொண்ணுக்குக் காட்டணும்" என்று கேட்டான். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் இரண்டாம் மாடிக் கழுவுமிடம். ஒரு வருஷமாக அங்கே குழாய்கள் காய்ந்து கிடந்தன. பிரின்சிபாலை நச்சரித்து அனுமதி வாங்கினாள். ஒரு சனிக்கிழமை பதினொரு பேரும் இறங்கினார்கள். வகுப்பில் சேருமுன் அழகு நிலையத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒரு பை நிறைய நகப்பூச்சு கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு நிறம், அவரவர் ஜாயிண்டில் ஒரு புள்ளி. ரோஸ் நிறம் யாருக்கு என்று மீசை வைத்த இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. சாயங்காலம் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது. டீச்சர் உள்பட எல்லாரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபால் அந்தக் கழுவுமிடத்துக்கு நேர் கீழே இருந்த தன் அறைக் கதவைத் திறந்தால், கூரையிலிருந்து அவர் மேஜைமேல் தண்ணீர்!

ஈரக் காகிதத்தோடு பட்டறைக்கு ஓடி, எல்லாரையும் மாடிக்கு இழுத்து வந்தார். "யாரு செஞ்ச வேலை இது? படிக்க வந்தவங்களை நம்பிக் கட்டடத்தைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினார். பதினொரு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒவ்வொருவரும் குனிந்து தன் புள்ளி இருந்த ஜாயிண்டில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பச்சை காய்ந்திருந்தது. ஊதா காய்ந்திருந்தது. ரோஸும் காய்ந்திருந்தது. கொட்டாவி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூலையில் இருந்த தொட்டிக்கு அடியில் தவழ்ந்து போனான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர், இங்க ஒரு ஜாயிண்ட் கழண்டிருக்கு. இதுல புள்ளியே இல்லை."

டீச்சருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இடுக்கான மூலை. "தள்ளுங்க, இது கஷ்டமான இடம், நான் பார்த்துக்கறேன்" என்று அவளே போன இடம். அளவு பார்ப்பதற்காகப் பசை தடவாமல் குழாயைச் சொருகியிருந்தாள். அந்த நேரம் யாரோ கூப்பிட, எழுந்து போனவள் போனவள்தான். பசை இல்லாமலே அது இறுக்கமாக நிற்கும், ஒரு நாள் இரண்டு நாள் தண்ணீரையும் தாங்கும், அப்புறம் கழன்றுகொள்ளும். குழாய்க்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. யாரும் வெளியே மூச்சுவிட மாட்டார்கள். அவளும் விடாமல் இருந்திருக்கலாம். பிரின்சிபாலுக்குப் புள்ளிக் கணக்கு என்ன தெரியும்?

"அது நான் ஒட்டினது சார்" என்றாள். "ஒட்டினது எங்க, ஒட்ட மறந்துட்டேன்."

அழகு நிலையத்துப் பெண்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு பேர்ங்கிற பேச்சுல மாற்றம் இல்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு வீட்டில் புருஷன் கிண்டல் பண்ணுவான் என்று அவள் தயாராக இருந்தாள். அவனோ, "நம்ம முதல் வருஷம், அந்த மூணு மாடி வீட்டுல ஒழுகுச்சே, அது நான்தான். உன்கிட்ட சொல்லல" என்றான். பதினேழு வருஷம்! அந்த ஒழுகலுக்கு அவள் பசைக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். தலையணையை எடுத்து நாலு சாத்து சாத்தினாள், சிரித்துக்கொண்டேதான்.

சங்கதி அதோடு நிற்கவில்லை. கொட்டாவி பால் இறக்கிய கடையிலெல்லாம் டீச்சர் கதையையும் இறக்கிவிட்டான். காதில் விழுந்ததும் அவளுக்கு மானம் போச்சு. அவனை இழுத்து வைத்து நன்றாகத் திட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

அந்த வாரக் கடைசியில் பட்டறை வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தர் உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுபோனவர். இன்னொருத்தர் அந்த நகம் வெட்டிய மனுஷர். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"டீச்சர், நீங்க பசை போட மறந்து பிரின்சிபால் மேஜையே நனைஞ்சு போச்சாமே, உண்மையா?" என்று நகம் வெட்டியவர் கேட்டார்.

"உண்மைதான்" என்றாள். கேலி பண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு எத்தனை தடவை ஒட்டினாலும் கோணலாவே போச்சு டீச்சர்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்கு ஒரு தடவைகூடத் தப்பாது. இது நமக்கெல்லாம் வராதுன்னுதான் நின்னுட்டேன். வேலை எதுவும் கிடைக்கல. இப்ப நாங்க வரலாமா?"

பதினொன்றும் இரண்டும் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கக்கூட அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவில்லை. "வாங்க" என்றாள். அந்த மனுஷர் கையில் ஒரு குழாய்த் துண்டைத் திணித்தாள்.