ஆத்தாளுக்கு வாங்கிய ஒரு ஜோடிக் காது

அன்றைக்கு மத்தியானம் எங்கள் தெருவில் இருந்தது மூன்றே பேர். நான். பிறந்து மாதம் திரும்பாத என் மகன். எதிர்வீட்டில் கால் ஒடிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த பால்சாமி மாமா. மற்ற எல்லாரையும் காலையிலேயே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அது ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊருக்கு சீசன் நேரத்தில் பகலில் வந்து பார்த்தால், ஊரையே காலி செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

பிள்ளை தொட்டிலில் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஊருக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். பெரிய வெடி. அடுக்கில் இருந்த தட்டெல்லாம் அதிர்ந்தது. வாசலில் நின்ற கோழி சிறகடித்து ஓடியது.

"ஏலே, எவன்லே அவன்! மனுசன் கண்ணசரக் கூடாதா!" என்று பால்சாமி மாமா கட்டிலில் கிடந்தபடியே கத்தினார்.

என் மகன் அசையவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை.

"புள்ள பதறிட்டானா தாயி?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா. தூங்குறான்."

"கெட்டிக்காரப் பய! பட்டாசுக்காரி பிள்ளைன்னா சும்மாவா!"

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தையை நான் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பயந்த சுபாவம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய கரு என்பதால் பயம் இரட்டிப்பாகிவிட்டது. ஊர் நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை. பழைய நூல் சேலைகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு, கிழித்து, அடுக்கி, எட்டாம் மாதமே பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்தேன். பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, பிள்ளை துடிப்பு குறைந்தால் எங்கே ஓடுவது என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக் கேட்டு அவரே சலித்துப்போனார். பால் சுரக்குமோ, பிள்ளை பிறந்ததும் அழுமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். காதுக்கு மட்டும் பயப்பட மறந்துபோனேன்.

எனக்குத் தாய் இல்லை. வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் தனியாக உட்கார முடியாமல்தான் எட்டாம் மாதம் வரைக்கும் கம்பெனிக்குப் போனேன். பேக்கிங்கில் உட்கார்ந்த வேலை. சாம்பிள் வெடிக்கும் பொட்டல் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தினமும் சத்தம் கேட்கும். "இம்புட்டுச் சத்தத்துல உக்காராத புள்ள" என்று அத்தை அப்போதே சொன்னார். அத்தை என்றால் என் மாமியார்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில் சுகமாகவே நடந்தது. அத்தை வெந்நீர் வாங்கப் போயிருந்தார். அந்த நேரம் ஒரு சின்னப் பெண் மெஷினோடு வந்து, பிள்ளையின் காதில் ஒன்றைச் செருகிப் பார்த்தாள். மெஷினைத் தட்டினாள். மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, ரிப்பேர்னு காட்டுது. ஒரு மாசம் கழிச்சு இங்கயே கூட்டிட்டு வாங்க. பயப்படாதீக, நெறைய பிள்ளைக்கு இப்படித்தான் காட்டும்."

'ரிப்பேர்' என்றதற்கு அப்புறம் அவள் சொன்ன எதுவுமே என் மனசில் நிற்கவில்லை. காது ரிப்பேர். பிறக்கும்போதே ரிப்பேர். அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அத்தை வெந்நீரோடு வந்தார். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். "வலி" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னால், அப்போதே சொன்னேனே என்பார். வீட்டுக்காரரிடம் சொன்னால் அந்த மனுஷன் அந்த நினைப்போடு லாரி ஓட்ட வேண்டும். அவர் போன் செய்யும்போது, "பய என்ன செய்யுறான்? எஞ்சத்தம் கேக்குதாடா?" என்று ஸ்பீக்கரில் கத்துவார். "ம், கேக்குறான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வேன்.

வெடிக்கு அவன் அசையாத அந்த மத்தியானத்துக்குப் பிறகு எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. அத்தை காலையில் கம்பெனி வேன் ஏறியதும் கதவைச் சாத்திக்கொள்வேன். தட்டைக் கரண்டியால் அடிப்பேன். தம்ளரைக் கீழே போடுவேன். அசந்து தூங்கும் பிள்ளை சில நேரம் நெற்றியைச் சுருக்கும், சில நேரம் அதுவும் இல்லை. சுருக்கினால் அது சத்தத்துக்கா, வயிற்று வலிக்கா? யாரிடம் கேட்க?

ஒருநாள் தட்டை அடிப்பதை நிறுத்தினேன். அதோடு பேச்சும் நின்றுபோனது. கேட்காத பிள்ளையிடம் என்ன பேச? பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், தோளில் போட்டுத் தட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன். தாலாட்டு இல்லை, கொஞ்சல் இல்லை. அத்தை சாயங்காலம் அலுப்பில் வந்து விழுந்துவிடுவார். பகல் முழுக்க அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், ஆனால் ஒரு குரலும் இல்லை. அப்படி ஒரு தனிமை என் எதிரிக்கும் வர வேண்டாம்.

கோயிலுக்காவது போய் அழலாம் என்றால் தீட்டுக் கழியவில்லை. விளக்கைக்கூட நான் தொடக் கூடாது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் மாரியம்மன்தான் எங்களுக்கு எல்லாம். கல்யாணத்துக்கும் அவள், கருத் தங்கினதுக்கும் அவள். இப்போது அவளும் என்னை வெளியே நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். துவைகல் பக்கம் நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்தேன். தீட்டோ தீட்டு இல்லையோ, வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"ஆத்தா! உள்ள வரக் கூடாதுன்னா நான் இங்கனயே நிக்கிறேன். எனக்குன்னு யாருமில்ல ஆத்தா. என் காத வேணா எடுத்துக்க. எம் பிள்ளைக்குக் கேக்க வைய்யி. உனக்குக் காது வாங்கிப் போடுறேன். இங்கன ஒருத்தி கெடந்து கத்துறேனே, உனக்குக் கேக்குதா இல்லயா?"

பல நாளாகப் பேசாத தொண்டை. குரல் கரகரத்து உடைந்தது.

தோளில் கிடந்த பிள்ளை நெளிந்தான். தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கன்னத்தை என் கழுத்தில் தேய்த்து, என் வாய்ப் பக்கமாக முகத்தைத் திருப்பினான். கண் விழித்திருந்தான்.

  சந்தேகம் வேண்டாம் என்று அவனைத் துணி விரித்துப் படுக்க வைத்தேன். வலது பக்கம் போய், முகம் காட்டாமல், "ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னேன். கண் உருண்டது. தலை பையத் திரும்பியது. இடது பக்கம் போய் "ஆத்தா" என்றேன். அந்தப் பக்கம் திரும்பினான்.

வெடிக்கு அசையாத பிள்ளை என் குரலுக்குத் திரும்பினான். நான் கத்தி அழுதேன். எதிர்வீட்டிலிருந்து, "என்னாத்தா ஆச்சு?" என்று பால்சாமி மாமா அலறினார். "ஒண்ணுமில்ல மாமா, பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன். தெருவில் மூன்றே பேர் என்று நினைத்திருந்தேன். நாலாவதாக ஒருத்தி இருந்தாள்.

அன்று ராத்திரி அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "இம்புட்டு நாளு இத ஒத்தையாவா சுமந்த?" என்றார், அவ்வளவுதான். ஒரு மாதம் முடிந்ததும் சீசன் சம்பளத்தைப் பார்க்காமல் லீவு போட்டு, அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அதே சின்னப் பெண். அதே மெஷின். ஒரு காது, மறு காது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ரெண்டும் நல்லாருக்குக்கா."

"அப்ப ரிப்பேரு?" என்றேன்.

"என்ன ரிப்பேரு?"

"நீங்கதான சொன்னீக, காது ரிப்பேர்னு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, ரிப்பேர் இல்ல, ரெஃபர். திரும்ப ஒருதடவ பாக்கணும்னு அர்த்தம். பிறந்த பிள்ளைக்குக் காதுல தண்ணி, அழுக்கு இருக்கும். அதான் முதல்ல அப்படிக் காட்டுச்சு. அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

"அப்ப வெடிக்கு ஏன் அசையல?"

"வயித்துல இருக்கும்போது எங்க வேல பாத்தீக?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "அதான! பட்டாசுக் கம்பெனில இருந்து வந்த பயலுக்கு வெடிச் சத்தம் தாலாட்டுல்ல!"

"இருக்கலாம்மா, கேட்டுப் பழகியிருக்கும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா தட்டை அடிச்சுப் பாத்து நீங்களா முடிவு பண்ணாதீக. சந்தேகம்னா இங்கன வாங்க."

அவள் சொன்னதும் சரி. ஆத்தா செய்ததும் சரி. காதில் தண்ணீர் இருந்திருக்கும், அது வடிந்திருக்கும். ஆனால் என் வாயைத் திறக்க வைத்தது யார்? அன்றைக்கு நான் அவளைக் கூப்பிடாமல் இருந்திருந்தால், கேட்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஊமைத் தாயாகவே இருந்திருப்பேன். அவள் என் பிள்ளையின் காதைத் திறந்தாளோ என்னவோ, என் வாயைத் திறந்தாள். எனக்கு அது போதும்.

இப்போது காலையிலிருந்து அவனோடு ஓயாத பேச்சுதான். உலையில் என்ன போட்டேன், அப்பா லாரி எந்த ஊரில் நிற்கிறது, எல்லாம் சொல்வேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் வந்தால் இப்போது வாயை மூடுவதில்லை. நர்ஸம்மாவிடம் கேட்கிறேன். அத்தையிடம் சொல்கிறேன். ஆத்தாளைக் கூப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, கைப்பிள்ளையோடு பகலில் ஒத்தையாகக் கிடக்கிறவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை விளங்கவில்லையா, அங்கேயே நின்று கேளுங்கள். விளங்காத வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அம்மனை மனசுக்குள் மட்டும் கும்பிடாமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். கோயில் வாசல் மிதிக்க முடியாத நாளிலும் துவைகல் பக்கம் நின்றால் அவளுக்குக் கேட்கும்.

தீட்டுக் கழிந்ததும் கோயிலுக்குப் போனோம். வாசலில் அம்மனுக்குச் சாத்தும் உருவங்கள் விற்கிற அக்காவிடம், "ஒரு காது தாங்க" என்றேன்.

"ஒத்தக் காதா, ரெண்டும் வேணுமா? எந்தப் பக்கம் கோளாறு?"

எந்தக் காது என்று நான் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளவே இல்லை! ஒன்றுக்குத்தான் கையில் காசு வைத்திருந்தேன். பர்ஸ் வைத்திருந்த அத்தை பிள்ளையோடு முன்னால் வரிசையில் போய்விட்டார். நான் முழிப்பதைப் பார்த்து அந்த அக்கா இரண்டு தகரக் காதையும் என் கையில் வைத்து அழுத்தினாள். "கொண்டுபோய் ஆத்தா காலடியில போடுத்தா. மிச்சக் காச அடுத்த வாட்டி வரும்போது தா. வராமயா போயிருவ?"

திரும்பி வரும்போது கூட்டத்தில் அந்த அக்காவைக் காணோம். கண்டிப்பாக மறுபடியும் போவேன். ஒரு காதுக்கு நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.