மாம்பலத்திலிருந்து வந்த துணிகள்

எண்பதுகளின் நடுவில் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். எங்களையும் சேர்த்துத் தெருவில் நான்கே வீடுகள். கிரகப்பிரவேசத்துக்கு மாம்பலத்திலிருந்து வந்த என் அக்கா, தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, கடைசியில் செம்மண் பாதையில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, மெட்ராஸ்ல வேலை பார்த்துக்கிட்டு யாராவது காட்டுல வீடு கட்டுவாங்களா? பேப்பராவது வருமா?"

"வரும்க்கா. கொஞ்சம் லேட்டாகும்."

"எவ்வளவு லேட்டு?"

"சாயங்காலம் வந்துடும் அண்ணி" என்று என் மனைவி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் உறவினர் கல்யாணங்களில் அக்கா எங்களைக் காட்டி, "பாவம், வெளியூர். இவங்களுக்கு முதல்ல இலை போடுங்க, கடைசி பஸ் போயிடும்" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் முதல் பந்தியை ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

சில வருஷங்களில் நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. மாம்பலத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது. எங்கள் கிணறு வற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா இரண்டு பெரிய பைகளோடு வாசலில் நின்றாள். பின்னால் அத்தான், மூன்றாவது பையோடு.

"உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு வந்தோம்" என்றாள்.

ஒரு பையிலிருந்து அழுக்குப் போர்வையின் நுனி வெளியே தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, அவசரமாக உள்ளே திணித்தாள். என் மனைவிதான், "அண்ணி, சோப்பு கிணத்தடியில இருக்கு" என்று சொல்லிக் காப்பாற்றினாள்.

அத்தான் நீர் இறைக்க, அக்கா மதியம்வரை துவைத்தாள். கொடி போதாமல் பக்கத்துக் காலிமனையின் வேலியெல்லாம் மாம்பலத்துத் துணிகள் காய்ந்தன. இடையில் அத்தான் மூன்று முறை குளித்தார். சாப்பிட்டதும் இருவரும் வேப்பமரத்தடியில் பாய் விரித்துத் தூங்கிவிட்டார்கள். கிளம்பும்போது, "அடுத்த வாரம் திரைச்சீலையும் கழட்டிட்டு வரேன்" என்றாள்.

மழை வந்து, மாம்பலத்துக் குழாய்களில் நீர் வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். வெறுங்கையோடு வர அக்காவுக்குக் கூச்சம் போலும். ஒரு பை மட்டும் வரும்.

"இதெல்லாம் ஏற்கெனவே துவைச்ச துணிங்க" என்று என் மனைவி அடுக்களையில் கிசுகிசுத்தாள்.

கிணற்றடியில் அக்கா அவற்றையே மறுபடி சோப்புப் போட்டு, நிதானமாகத் துவைத்துக்கொண்டிருந்தாள்.