அக்கா ஆக்கிய காளான் குழம்பு

எங்கள் அக்கா பேத்துப்பாறையில் பிறந்தார். அங்கேயே வாழ்ந்தார். கல்லறையும் அங்கேதான். கர்த்தர் அழைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீயும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன். அடுத்தது அக்கா. கடைசி நான். அப்பா மரம் வெட்டப் போன இடத்தில் கிளை விழுந்து இறந்தார். அம்மா பூண்டுக் காட்டில் கூலிக்குப் போனார். அக்காவை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, கூட அழைத்துப் போனார். அண்ணன் நாயுடுபுரத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பிறகு சமையற்காரர் ஆனார். எங்கள் வீட்டில் இஸ்திரி போட்ட சட்டை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். அம்மாவுக்கு அதில் பெருமை.

அக்காவுக்குக் காளான் தெரியும். இடி மழை பெய்த மறுநாள் வெள்ளனே எழுந்து போய்விடுவார். கறையான் புற்றில் முளைக்கிற புற்றுக் காளானை மட்டும்தான் எடுப்பார். அதன் வேர் மண்ணுக்குள் ஆழமாகப் போகும். குச்சியால் மண்ணைத் தள்ளி, வேர் அறாமல் எடுத்து வருவார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அவரே வேரை அறுப்பார். அறுத்த பிறகு எது எந்தக் காளான் என்று சொல்வது கஷ்டம். அதனால் பறித்தவர்தான் வேர் அறுக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது.

மண் போக அலசி, கையால் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றுவார். அன்றைக்கு மட்டும் அம்மா மறுசோறு கேட்பார்.

அண்ணன் கேட்டதால் அக்கா விடுதிக்கும் காளான் கொண்டு போனார். அங்கேயும் பின்கட்டில் உட்கார்ந்து, தானே வேர் அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். விடுதிக்கு ஒரு பெரிய கூட்டம் வந்திருந்தது. காளான் ஆக்கிப் போடுகிறேன் என்று அண்ணன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கிடைத்ததோ பாதிக் கூடை. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். "நீ வெரசா கெளம்பு, அம்மாவப் பாரு. வேரு நான் அறுத்துக்கிறேன்" என்றார் அண்ணன். சொந்த அண்ணன். அக்கா கூடையை வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடுதியிலிருந்து ஆள் வந்தது. சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். யாரும் சாகவில்லை. அக்காவுடன் நானும் போனேன். முதலாளி எல்லார் முன்னாலும் விசாரித்தார். "தங்கச்சி குடுத்தது சார். நான் ஆக்குனேன், அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

அக்கா நேரே பின்கட்டுக்குப் போனார். அண்ணனும் நானும் பின்னாலேயே போனோம். குப்பைக் குழியில் அறுத்துப் போட்ட தண்டுகள் கிடந்தன. கொஞ்சம் அக்கா கொண்டு போனவை, நீள வேரும் செம்மண்ணுமாக. மீதி எல்லாம் நீள வேர் இல்லாத கட்டைத் தண்டு. தைல மரச் சருகு ஒட்டியிருந்தது. கூடை பத்தாமல் அண்ணன் விடுதிக்கு விறகு போடுகிறவரிடம் சொல்லி, தைல மரத் தோப்பில் கண்டதைப் பொறுக்கி வரச் செய்து கலந்திருக்கிறார். அக்கா அதில் ஒன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக் குழியில் போட்டு, அடுப்புச் சாம்பலை அள்ளி மேலே கொட்டினார்.

"அண்ணே, ஊருக்குச் சொல்ல வேணாம். ஒங்க சோலி போயிரும். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார் அக்கா.

"சொன்னா அம்மாவுக்கு ரெண்டு பேரு மேலயும் வருத்தம். இப்ப ஒன் மேல மட்டுந்தான" என்றார் அண்ணன்.

பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் அம்மா கேட்டார். அண்ணன் பைபிள் மேல் கை வைத்து இல்லை என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "ஏலே, பெரியவன் வேதத்துல கை வச்சுட்டான். இனிமே நீ வாயத் தொறக்கப்படாது" என்றார். அக்கா அடுப்படியில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா ஆக்கிய காளானை அம்மா தொடவில்லை. மற்ற எதையும் சாப்பிடுவார். காளான் என்றால் தட்டைத் தள்ளுவார். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கல்யாணம் நடக்கவில்லை. சபை விருந்தில் அக்கா கரண்டியை எடுத்தால், "நீ தண்ணி ஊத்து தாயி, அது போதும்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள். சிரித்தவர்கள் கைக்கும் இந்த மலர் வரும். பெயர் எழுதவில்லை.

அண்ணன் அதே விடுதியில் தலைமைச் சமையற்காரர் ஆனார்.

சில வருடம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தார். அக்காதான் குளிப்பாட்டினார், பீ மூத்திரம் அள்ளினார். மழை பெய்தது. அம்மா காளான் குழம்பு கேட்டார். "பெரியவன ஆக்கச் சொல்லு" என்றார். சொல்லி அனுப்பினோம். அண்ணன் வருவதற்குள் அக்கா போய் எடுத்து, வேர் அறுத்து, அரைத்து, ஆக்கி இறக்கியிருந்தார். அண்ணன் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஒங் கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராதுய்யா" என்றார்.

"சாப்பிடுங்கம்மா" என்றார் அண்ணன்.

அக்கா கதவுக்கு வெளியே சட்டியோடு நின்றார். நான் உள்ளே நுழையப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கட்டும், விடு" என்றார்.

அந்த வாரம் அம்மா காலமானார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனார். விழுந்த பிறகுதான் தெரிந்தது. அடக்கத்தன்று அண்ணன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சிதான் தன் உசுரு என்று அழுதார். அதைப் பார்த்துப் பலர் அழுதீர்கள். இந்த மலரிலும் அண்ணன் தங்கை பாசத்தை எழுதச் சொல்லி அண்ணன் ஆள் அனுப்பினார். எனக்கு எழுத வரவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஜீப் கொடுத்தவருக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த சபை ஐயருக்கும், குழி வெட்டியவர்களுக்கும் நன்றி. சிலோனிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சித்திக்குத் தனியாக நன்றி. விடுதிப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்தபோது அவர் தட்டோடு வந்தார். "எனக்கு ஊத்து புள்ள. செத்தா எம் மகன் வந்து கேப்பான், ஒனக்கென்ன" என்று சொல்லி, வாசலில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க அக்காவின் காளான் குழம்பைச் சாப்பிட்டார். அக்கா அன்று சிரித்தார்.

நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. மழை கொடுத்தால் காளான் குழம்பு உண்டு. அக்காவிடம் கற்றபடி என் மனைவி எடுத்து, அவளே வேர் அறுத்து ஆக்குவாள். வேண்டாதவர்களுக்கு ரசம் இருக்கிறது.

முதல் இலை அண்ணனுக்கு. அம்மா கடைசியாகக் கேட்டுச் சாப்பிட்ட குழம்பை ஆக்கியது யார் என்று, கை வைப்பதற்கு முன் அவர் சொல்ல வேண்டும். கேட்க அம்மா இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.