அலை மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு

கடல் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை, கடலே இல்லாத ஊர்களில் கடலை ரிப்பேர் செய்கிறேன். இதைச் சொல்லியும் எனக்குப் பெண் கொடுத்தார்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓர் ஆயுத பூஜை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாயில் வடை இருக்கும்போது போன். நூம்பல் ஃபிளாட்டிலிருந்து பெரியவர். பாடியில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பவளமும் மீனும் வளரும் தொட்டி மகனுடையது. மகன் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்ததால் தொட்டி இவர் பொறுப்பில்.

"தம்பி, மீனுங்கல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பாட்டு பாடுது போல கீது."

"ஐயா, அலை மோட்டார் ஓடுதா?"

"எப்டி ஓடும்? பூஜைல கீது."

தண்ணீரைக் கலக்கும் அலை மோட்டார், அதைச் சுற்றிவிடும் ரிட்டர்ன் பம்ப், அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் மூன்றையும் காலையிலேயே கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார். உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்; சூடேறினால் இன்னும் குறையும். மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே இறங்கும். வடை எனக்கு இறங்கவில்லை.

"ஒரு சொம்புல தொட்டித் தண்ணிய மொண்டு, ஒசரத்துலேர்ந்து தொட்டியிலயே ஊத்திக்கினே இருங்க. வந்துட்டேன்."

பேட்டரி ஏர் பம்பை எடுக்க ஓடினேன். அது எங்கள் வீட்டுப் பூஜையில் குங்குமத்தோடு படுத்திருந்தது. வைத்தவன் நானே.

"நாளைக்குக் காலைக்குள்ள அதுமேல கை வெச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. வைக்கவில்லை. வெறுங்கையோடு வண்டியைக் கிளப்பினேன்.

நூம்பலில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் எல்லோரும் சொம்போடு வரிசையில் நின்றார்கள். ஓர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். "பால் ஊத்தலாமா?" என்று பயபக்தியுடன் கேட்டார் ஒருவர்.

"ஊத்திப் பாரு, உன்னிய உள்ள போட்டுடுவேன்" என்றார் பெரியவர். பிறகு என் கையைப் பிடித்தார். "அந்த மஞ்ச மீனு எம் பேத்தியுது, தம்பி. செத்துச்சின்னா அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

மஞ்சள் மீன் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"அப்ப மோட்டாரப் போடுங்க."

"சாமிகிட்ட வெச்சத இன்னிக்கி ஓட்டக் கூடாது. சர்வீஸ்ல ஒரு தபா கூட ஓட்டினதில்ல."

ஆக்சிஜன் பற்றி வகுப்பெடுத்தேன். பெரியவர் அசையவில்லை. கடைசியில், "ஆலையில பூஜை அன்னிக்கு ஃபர்னஸையும் அணைப்பீங்களா?" என்றேன்.

"பைத்தியமா நீ? உள்ள இரும்பு உறைஞ்சிடுமே!" என்றவரின் வாய், மீன்களுடையதைப் போலவே திறந்து நின்றது. "யோவ், இது ஃபர்னஸுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

அவரே சந்தனத்தைக் கழுவி, மோட்டாரை மாட்டி, சுவிட்சைப் போட்டார். மேற்பரப்பு சிலிர்த்தது. கால் மணி நேரத்தில் மஞ்சள் மீன் நிமிர்ந்தது. யாரோ மணியடித்தார்கள். பால் ஊற்றக் கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும்தான்.

அன்று கற்றது: தொட்டியின் பாஷை நமக்குத் தெரிந்தால் போதாது, வாடிக்கையாளர் எந்தத் தொழிலில் பிழைத்தாரோ அந்தப் பாஷையில் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் பூஜையன்று பெரியவரே கூப்பிட்டார். "ஃபர்னஸ் ஓடிக்கினு கீது, தம்பி. பொட்ட பிளக்கு மேல வெச்சிட்டேன். ஆமா, உன் பேட்டரி பம்பு எங்க கீது?"

பூஜை அலமாரியைப் பார்த்தேன். பம்பின் நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.