வசநாவியும் ஜெபமாலையும்

என் ஜெபமாலையில் ஒரு மணியை ஒட்டி மட்டும் கறுப்பு நூல் கட்டியிருக்கும். பிள்ளைகள் கேட்டால் சும்மா அடையாளம் என்று சொல்லிவிடுவேன்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்த சமயம், சாந்தோமில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். இடுப்பிலிருந்து கால்வரை நரம்பு இழுத்து, வகுப்பில் நிற்கவே முடியாமல் போய்விட்டது. எண்ணெய்க்குக் கேட்காததால், யுனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீம் பாய் வசநாவி மாத்திரை கொடுத்தார். இமயமலைக் கிழங்கு அது. கன்றுக்குட்டிக் கொம்பு மாதிரி கறுத்து வளைந்திருக்கும். கோமியத்தில் மூன்று நாள் ஊறவைத்து விஷம் முறித்தாலும், கொஞ்சம் கூடிப்போனால் நெஞ்சை நிறுத்திவிடும் என்றார். அதனால் தினம் காலையில் தாமே வந்து, கடுகளவு மாத்திரையைத் தம் கையாலேயே தருவார்.

"பால் குடிச்சிட்டுத்தான் போடணும். அப்புறம் உங்க ஜெபத்த சத்தமா சொல்லிக்கினே இருங்க வாத்தியாரே" என்பார். எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். துலுக்கராயிருந்தும் மாதாவிடம் இத்தனை மரியாதையா என்று எனக்கு மனம் நெகிழும்.

அன்று தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. மத்தியானம்வரை இவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஒருசந்தி நோன்பை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் அவர் வைராக்கியம். "பால் ஆச்சா?" என்று பாய் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். கதவோரம் நின்ற எனக்கு அது பொய்யென்று தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஜெபமாலையின் இரண்டாம் பத்தில், மாதா ஜெபத்தின் முதல் வார்த்தையான 'பிரியதத்தத்தினாலே' குழறியது. பாய் துள்ளி எழுந்தார். "இன்னா வாத்தியாரே, நாக்கு மரத்துப்போச்சா?" இவர் உதடு வெளுத்திருந்தது.

"பாய், இவரு பாலே குடிக்கலே, ஒருசந்தி!" என்று அலறினேன்.

தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தார். நெய்யும் பாலும் புகட்டினார். கோயிலில் மத்தியான மணி அடிக்கும்வரை, கண் சொருகிக் கிடந்தவரின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. இவர் கையிலிருந்த ஜெபமாலையை வாங்கி, விட்ட மணியைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

இவர் கண் விழித்ததும் பாய் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்: "நானும் நோன்பு வைக்கிறவன்தானே, எங்கிட்ட சொன்னா இன்னா? நாக்கு தடிக்குதான்னு கேக்கத்தான் ஜெபம் சொல்லச் சொன்னேன். வாய்ப்பாடுகூட சொல்லச் சொல்லலாம். ஆனா தூக்கத்துலயும் உங்களுக்குத் தப்பாம வர்றது இதுதானே!"

பாய் வீட்டுக்குப் போனதும் அந்த மணியில் நூலைக் கட்டினேன்.

இப்போது கோயிலில் அந்த ஜெபத்தை எளிய வார்த்தையாக மாற்றிவிட்டார்கள். நானும் எல்லாரோடும் புதிதைத்தான் சொல்கிறேன். நூல் கட்டிய மணி விரலுக்கு வந்தால் மட்டும் பழைய வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்தானே. அந்த வார்த்தை குழறாமல் முழுசாக வந்த பிறகுதான் விரல் அடுத்த மணிக்கு நகர்கிறது.