சுகர் குறைந்தே ஆக வேண்டிய நாள்

1. பேச்சில்லாத பெஞ்சு

பத்து மணிக்கு வர வேண்டிய நிவேதிதா மேடம் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. தோப்பும்படிப் பாலத்தில் வண்டி மாட்டிக்கொண்டதாக போன் வந்தது. எங்கள் கிளினிக்கில் பெஞ்சு நிறைய ஆட்கள். வழக்கமாக இத்தனை பேர் கூடினால் மத்தி விலையில் தொடங்கி மருமகள் சமையல் வரைக்கும் பேச்சு ஓடும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வரப்போகும் பெரிய ஆளுக்கு மரியாதை காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி மரியாதை காட்டுகிற ஆட்கள் இல்லை அவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்தத் தொண்டுத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எறணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்கும் ஆகாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆகாது. அதனால் கொச்சங்காடியில் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்திய சுகர், பிரஷர் கிளினிக்கில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தேன். சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கின் முன்னறைதான் கிளினிக். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் மிளகு வாசம் போகாது.

மருந்து, இன்சுலின், ஸ்ட்ரிப் எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகநல நிதி, வந்தது. வருஷா வருஷம் ரினியூவல். அந்த முறை அவர்கள் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. சுகர் கட்டுக்குள் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வருஷப் பணம். அதை நேரில் பார்க்கத்தான் நிவேதிதா மேடம் வருகிறார். கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயது இருக்கும், கம்பெனியில் இந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். நிபந்தனையில் தப்பு சொல்ல முடியாது. பணம் கொடுப்பவர்கள் பலன் கேட்கத்தான் செய்வார்கள்.

2. புஷ்பம்

ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த புஷ்பத்தின் ரவிக்கை முழுதும் நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து அவளிடம் போனேன்.

புஷ்பம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கரிப்பெட்டியோடு நாள் முழுக்க நின்றே வேலை. இரண்டு வேளை இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் அவளுடைய இன்சுலின் இருக்கும். கால் விரலில் புண் வந்து, விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் பயந்தார். மாசக்கணக்கில் நானே டிரஸ்ஸிங் செய்து ஆற்றியிருந்தேன். அதனால் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். மறைப்பானேன்.

கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது, நடுங்கியது.

"புஷ்பம், காலையில ஊசி போட்டியா?"

"போட்டேன் சிஸ்டரே."

"என்ன சாப்பிட்ட?"

மெதுவாகத் தலையைத் திருப்பி சுலைகா இத்தாவைப் பார்த்தாள். சுலைகா இத்தா, அதாவது அக்கா, எங்கள் வாலண்டியர். இந்தச் சந்துகளில் யார் மாத்திரை போட்டார்கள், யார் ஜன்னல் வழியே எறிந்தார்கள் என்பது வரை தெரிந்தவர். அவர் தரையைப் பார்த்தார்.

விரலைக் குத்தினேன். சுகர் ஐம்பதுக்கும் கீழே. அந்த நேரம் பார்த்து நிவேதிதா மேடம் உள்ளே வந்தார். வரவேற்க நேரமில்லை. "மேடம், அந்த அலமாரில குளுக்கோஸ் இருக்கு" என்றேன். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அவரே தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து தந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். சிறிது நேரத்தில் புஷ்பத்தின் கண்ணில் தெளிவு வந்தது.

முதலில் கேட்டது இதுதான்: "நம்பர் கொறஞ்சிருக்குல்ல, சிஸ்டரே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் கொறஞ்சிருந்தா நீயே இருந்திருக்க மாட்ட" என்றேன்.

பெஞ்சிலிருந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர்கூடக் காலையில் சாயா குடிக்கவில்லை. சிலர் முந்தின ராத்திரியே சாப்பிடவில்லை.

"நான்தான் சொன்னது சிஸ்டரே" என்றார் சுலைகா இத்தா. "சுகர் கொறஞ்சாத்தான் பைசா வரும்னு கேட்டேன். ஒரு நாள் பட்டினி சாரமில்ல, பரவாயில்லன்னு நெனச்சேன். நோம்புக்கு இருக்கறதுதானே."

"நோம்புக்கு டாக்டர் மருந்த மாத்தித் தருவார் இத்தா. இன்னிக்கு யார் மாத்தித் தந்தது?"

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. பக்கவாதம் வந்த புருஷனை வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறவர் அவர்.

மேடம் புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க? உயிருக்கு ஆபத்தில்லையா?"

"எனக்கு எப்பவும் கூடுதல்தான் மோளே. என் ஒருத்தியோட நம்பரால இவங்க எல்லாருக்கும் மருந்து நின்னு போச்சுன்னா, நான் எப்படி இந்தத் தெருவுல நடக்கறது?"

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "டெஸ்ட் எதுவும் வேண்டாம் சிஸ்டர். முதல்ல எல்லாரும் சாப்பிடட்டும்" என்றார். எதிர்ச் சாயாக்கடையிலிருந்து புட்டும் கடலையும் வந்தது. மேடமும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சிலேயே இடம் பிடித்தார். அதன் பிறகுதான் மத்தி விலை பேச்சு ஆரம்பித்தது.

புறப்படும்போது என்னிடம் தனியாகக் கேட்டார்: "கமிட்டில நான் என்ன சொல்றது?"

"பார்த்தத சொல்லுங்க மேடம்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போய் அழுதேன். காட்ட வேண்டிய நம்பர் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

3. கூடின நம்பர்

பணம் வந்தது. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் வந்தது. மேடம் கமிட்டியில் விடாமல் வாதாடினார் என்று பின்னால் தெரிந்தது. சுகர் குறைந்தால்தான் பணம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். தவறாமல் வருகிறார்களா, மருந்து தடையில்லாமல் கிடைக்கிறதா, கால் பரிசோதனை நடக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த பிறகு எல்லாருக்கும் காலைச் சாப்பாடு என்று ஒரு செலவையும் மேடமே சேர்த்திருந்தார்.

நம்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பர் இல்லாமல் டாக்டர் எப்படி மருந்து எழுதுவார்? ஆனால் அந்த நம்பரில்தான் எல்லாருடைய மருந்தும் தொங்குகிறது என்று ஆகிவிட்டால், ஆட்கள் உடம்பை விட்டுவிட்டு நம்பரைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். திட்டம் எழுதும் பிள்ளைகள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணம் முடிந்த வாரம் கிளினிக் எப்போதும் காற்றாடும். பாயசம் குடித்தவர்கள் தலை காட்ட மாட்டார்கள். அந்த வருஷம் கதவைத் திறக்கும்போதே புஷ்பம் வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு நல்லா கூடியிருக்கும் சிஸ்டரே. பாலடைப் பாயசம் ரெண்டு கிளாஸ் குடிச்சேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிக்கோங்க" என்று விரலை நீட்டினாள்.

குத்திப் பார்த்தேன். அவள் சொன்னபடியே எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. ஒரு கெட்ட நம்பரைப் பார்த்து என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.